சேகரின் அட்டையில் நான் எழுதியது

பக்கத்து வீட்டுப் பிரியாவுக்கு அடுத்த மாதம் தாதியர் பரீட்சை. புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வரிசை வீடுகளில் பகல் நேரத்தில் சும்மா இருக்கும் ஒரே மனுஷி நான்தான் என்பதால், நோயாளியாக நடிக்க என்னைப் பிடித்து வைத்திருக்கிறாள். நானும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவள் என்பது அவளுக்குக் கூடுதல் வசதி. "ஆன்ட்டி, உங்களுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு, சரியா?" என்பாள். "முறியாமலே வலிக்குதுலா, நடிக்கவே வேணாம்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். இந்த வயதில் ஒருத்தி வந்து அக்கறையாக நாடி பிடித்துப் பார்ப்பது நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் மாதிரி வினாக்களை உரக்க வாசித்துக்கொண்டிருந்தாள். பெரியவர்கள் பகுதி முடிந்து குழந்தைகள் பகுதிக்கு வந்தாள். "மூணு வயசுப் புள்ள. ரெண்டு நாளா சாப்பிட மாட்டேங்குது. நர்ஸ் முதல்ல என்ன செய்யணும்?" நான்கு விடைகளையும் வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "மறந்துட்டீங்களா ஆன்ட்டி? ஈஸி கொஸ்டின்லா இது!" என்றாள். ஆமாம், மறந்துபோச்சு என்றேன். பொய்தான். அந்தக் கேள்விக்கு நான் ஒரு தடவை தப்பான விடை எழுதி, அதைக் காட்டிப் பாஸும் ஆகியிருக்கிறேன்.

அவள் போன பிறகும் அவள் கையில் தடவியிருந்த கிருமிநாசினியின் நெடி நாற்காலிக் கையில் இருந்தது. இப்போதெல்லாம் அதில் எலுமிச்சை வாசம் கலந்து விற்கிறார்கள். எங்கள் காலத்து லைசாலுக்கு அப்படியெல்லாம் நாகரிகம் கிடையாது. ஒரு வாளித் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றினால் மூக்கு எரியும். அதில் தரை கழுவி, தட்டு கழுவி, கை கழுவி, அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்தால் சோறும் ஆஸ்பத்திரியாக மணக்கும். முதல் மாதம் நான் கரண்டியால்தான் சாப்பிட்டேன். சுங்கை சோ தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்த அப்பாவிடம் யாரோ போய், உங்கள் மகள் வெள்ளைக்காரி மாதிரி சாப்பிடுகிறாள் என்று சொல்லிவிட, அவர் பெருமைப்பட்டாராம்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. கோலசிலாங்கூர்ப் பக்கம் ஐந்தாறு ரப்பர் தோட்டங்களுக்குப் பொதுவாக ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. எந்தத் தோட்டத்தில் என்று சொல்ல வேண்டாம், விட்டுவிடுங்கள். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். முன்பாதியில் ஆண்கள், பின்பாதியில் பெண்களும் பிள்ளைகளும். நடுவில் இடுப்பளவுக்கு ஒரு சுவர். வியாழக்கிழமை மட்டும் வெள்ளைக்கார டாக்டர் வருவார். மற்ற ஆறு நாளும் எங்களுக்கு டாக்டர், சாமி, துரை எல்லாமே டிரசர் ஐயாதான். மருந்து கலப்பதும் கட்டுப் போடுவதும் அவர் வேலை. அவருக்குக் கீழே உதவித் தாதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.

பரீட்சையின் செய்முறைப் பகுதிக்குக் கோலாலம்பூரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மாள் வருவார். பெரியவர் ஒருவர், குழந்தை ஒன்று என்று இரண்டு நோயாளிகளை நான் மூன்று வாரம் பராமரித்துக் காட்ட வேண்டும். கட்டிலில் தொங்கும் அட்டையில் காய்ச்சல், நாடி, உண்ட அளவு, போன அளவு எல்லாம் நாள் தவறாமல் எழுதியிருக்க வேண்டும். இதற்கு டிரசர் ஐயா கொடுத்த பயிற்சியை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கழுத்துப் பட்டையோடு காலிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான் இப்ப டைஃபாய்டு கேசு. ஏம்மா, என்ன செய்வ?" என்பார். ஆளைப் புரட்டாமல் விரிப்பு மாற்றும் வித்தையை அவர்மேல்தான் பழகினேன். ஒரு நாள் நான் விரிப்பை மாற்றி முடிப்பதற்குள் டைஃபாய்டு கேஸ் குறட்டை விட ஆரம்பித்துவிட்டது.

எனக்கு வாய்த்த பெரியவர் வீராசாமி. பால்வெட்டுக்காரர், காலில் ஆறாத புண். பரீட்சைக்காக நான் அவரை நாளுக்கு இரண்டு முறை படுக்கையிலேயே ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். "மிஸ்ஸி, கல்யாண மாப்பிள்ளையக்கூட இப்படி யாரும் குளிப்பாட்ட மாட்டாங்க. தோலு உரியிது, விட்ரு தாயி" என்று கெஞ்சுவார். தோட்டத்தில் நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். நான் விடமாட்டேன். விரிப்பின் நான்கு மூலையும் கடித உறை மாதிரி மடிந்திருக்க வேண்டும் என்று ஒரு வெறி. அந்த மூலைகளை மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் வேறு இடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கதையே.

அதற்கு முன்னால் அந்தக் காலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அவசரகாலம். தோட்டத்து ஜனங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. காலையில் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள், வெள்ளைக்காரனோடு சண்டை போட்டுக் காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் உணவு கொண்டுபோய்விடக் கூடாது என்று. கடையில் பால் டின் வாங்கினால் அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், எடுத்து வைக்க முடியாதபடி. எங்கள் வட்டாரத்தில் சில மாதங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவே விடவில்லை. ஒவ்வொரு தோட்டத்திலும் பொதுச் சமையல். வேலிக்குள் வரிசையில் நின்று வாங்கி, அங்கேயே உட்கார்ந்து தின்றுவிட்டுப் போக வேண்டும். ஒரு கவளம் வெளியே போகாது. ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளின் தலையை எண்ணி அரிசி வரும். வேலைக்காரர்களான எங்களுக்குத் தனிப் பங்கு. மிஞ்சியதை ஆயா ஒரு தொட்டியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிவிடுவாள். யாரும் எடுத்துத் தின்னாமல் இருக்கத்தான். கஞ்சியில் மண்ணெண்ணெய் விழும் நெடியை லைசால்கூட மறைக்காது.

அந்த நாளில்தான் சேகர் வந்தான். மூன்று வயது, ஆறு மைல் தள்ளியிருந்த தோட்டத்துப் பிள்ளை. வயிற்றுக்கடுப்பு வந்து நின்றிருந்தது, ஆனால் தேறவில்லை. துணைக்கு அவன் அம்மா அஞ்சலை. என் வெள்ளைச் சட்டையைக் கண்டாலே சேகர் வீல் என்று கத்துவான். கரண்டியை நீட்டினால் பல்லைக் கடித்துக்கொள்வான். குழந்தைக்குத் தன் கையால் ஊட்டி, எவ்வளவு இறங்கியது என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதை இரண்டு நாள் செய்து பார்த்தேன். மூன்றாவது நாள், "நீங்களே குடுங்க" என்று கிண்ணத்தை அஞ்சலையிடம் வைத்துவிட்டு வீராசாமியின் மூலைகளை மடிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கிண்ணம் காலி. அட்டையில் 'முழுதும்' என்று எழுதினேன். மத்தியானமும் காலி, முழுதும். மறுநாளும் முழுதும். பத்து நாள் வரிசையாக முழுதும், முழுதும் என்று என் அழகான கையெழுத்தில். என்னை மாதிரி நர்ஸ் உண்டா என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை வீராசாமியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணைக் காட்டினார். "கஞ்சிய யாரு குடிக்கிறான்னு பாத்தியா மிஸ்ஸி? நான் தெனமும் பாக்குறேன். குத்தஞ்சொல்லல. உன் காதுல போட்டு வைக்கிறேன்."

எட்டிப் பார்த்தேன். அஞ்சலை எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கிண்ணத்தை வாயில் வைத்து மடமடவென்று குடித்துக்கொண்டிருந்தாள். பிறகு விரலால் வழித்து நக்கினாள். சேகர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

போய் நின்றேன். கோபமாகத்தான் போனேன். அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"அவன் பங்கப் புடுங்கித் திங்கல மிஸ்ஸி, மாரியாத்தா சத்தியமா இல்ல. நாலு வாய் வாங்குவான், அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டேங்கறான். மிச்சத்துல மண்ணெண்ண ஊத்திருவாங்களே. அதுக்கு நான் குடிச்சிட்டேன்."

"ஏன், நீங்க சாப்பிடலயா? தெனம் கேக்குறேன், சாப்ட்டேன்னுதான சொல்றீங்க?"

"எங்க போயிச் சாப்பிடறது? என் சோறு அங்க தோட்டத்துல. ஆறு மைலு நடந்து போயித் தின்னுட்டு வரச் சொல்றீங்களா? இவன யாரு பாப்பா?" என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எழுதிராதீங்க மிஸ்ஸி. தெரிஞ்சா என்னைய லயத்துக்கு அனுப்பிருவாங்க. நான் இல்லன்னா இந்த நாலு வாயும் வாங்க மாட்டான்."

நோயாளிக்கு அரிசி வந்தது, எனக்கு வந்தது, ஆயாவுக்கு வந்தது. பிள்ளைக்குத் துணையாக இருக்கும் தாய்க்கு வரவில்லை. அதை இத்தனை நாள் நான் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சொல்ல மாட்டேன் என்று அஞ்சலைக்கு வாக்குக் கொடுத்தேன். அவள்மேல் இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் பரீட்சைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. பத்து நாள் 'முழுதும்' என்பதையெல்லாம் அடித்துத் திருத்தினால் அந்த அட்டையை எந்த முகத்தோடு காட்டுவேன்? நான் கண்ணால் பார்க்காமல் எழுதினேன் என்று வெட்டவெளிச்சமாகிவிடுமே. இரக்கத்தைவிட இதுதான் பெரிதாக இருந்தது. இத்தனை வருஷம் கழித்து உங்களிடம் இதை ஒளிப்பதில் அர்த்தமில்லை.

மறுநாள் வியாழக்கிழமை, டாக்டர் வந்தார். ரப்பர் ஷீட் நிறுத்துக்கொண்டிருந்த பழைய தராசில் துணித் தொட்டில் கட்டிச் சேகரை நிறுத்தார்கள். வந்த நாளைவிட எடை இறங்கியிருந்தது. டாக்டர் அட்டையை வாங்கிப் படித்தார். என் கையெழுத்தைப் பாராட்டினார். பிறகு டிரசர் ஐயாவிடம் ஏதோ சொல்ல, அவர் என் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு தின்னும் இளைக்கிறான்னா வயித்துல பூச்சிதான்னு சொல்றாரும்மா. நாளைக்குக் காலையில வெறும் வயித்துல பூச்சி மருந்து. பின்னாடியே பேதி உப்பு."

பத்து நாளாக நாலு வாய்க்கு மேல் இறங்காத பிள்ளைக்குப் பேதி கொடுத்தால் என்ன ஆகும் என்று எந்தப் புத்தகமும் பார்க்காமல் எனக்குத் தெரியும். டாக்டர் எதிரிலேயே நிற்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும். கட்டிலின் அந்தப் பக்கம் அஞ்சலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் எங்கே சொல்லிவிடுவேனோ என்று. மருந்து என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் "எஸ் டாக்டர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை மருந்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்ச் சாக்கடையில் ஊற்றினேன். பேதி உப்பையும் ஊற்றினேன். வந்து அட்டையில் 'கொடுக்கப்பட்டது' என்று எழுதி, மூன்று தடவை வயிற்றோட்டம் என்று நேரம் போட்டு எழுதினேன். முதல் பொய் தெரியாமல் எழுதியது. இதை யோசித்து யோசித்து எழுதினேன். நேரங்களுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன்.

அன்று முதல் என் சோற்றில் பாதியை அஞ்சலைக்குக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டைக்கு மேல் அவளுடைய கைலியைச் சுற்றிக்கொண்டு சேகருக்கு நானே ஊட்டினேன். கஞ்சியில் கருவாட்டுத் தூள் போட்டால் அவன் வாய் திறக்கும் என்று கண்டுபிடித்தது வீராசாமி. அந்தச் சுவருக்கு மேலாகத் தலையை நீட்டி, பொக்கை வாயால் அவர் கஞ்சி மெல்லும் கோணங்கியைப் பார்த்தால் பிள்ளை சிரிப்பான். சிரிக்கும்போது ஒரு கரண்டி போட்டுவிடுவேன். அடுத்த வியாழன் எடை ஏறியிருந்தது. பரீட்சைக்கு வந்த அம்மாள் தராசு முள்ளைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், படுக்கை மூலைகளைப் பார்த்தார். பாஸ். சேகர் அம்மா இடுப்பில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனான். வீராசாமி, "இனிமேயாச்சும் குளிப்பாட்ட மாட்டல்ல?" என்று கேட்டார். எல்லாம் நல்லபடி முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்துப் பொன்னி என்று ஒரு பெண் குழந்தை அம்மாவோடு வந்தது. நாலு வயது. ஒட்டிய முகம், வீங்கிய பாதம். வந்த மறுநாளே நான் மூன்று நாள் லீவில் சுங்கை சோவுக்குப் போய்விட்டேன். மகள் பாஸானதற்கு அப்பா கோயிலில் அபிஷேகம் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது பொன்னியின் கட்டிலில் விரிப்பு இல்லை. மெத்தை வெளியே வெயிலில் கிடந்தது.

டிரசர் ஐயா ஊசிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார். "நல்லாத் தின்னுச்சும்மா, கிண்ணம் காலியாத்தான் வந்துச்சு, ஆனா தேறல. டாக்டருக்கு அந்தப் பையன் நெனப்பு. அவன் அட்டைய எடுத்துட்டு வரச் சொல்லிப் பாத்தாரு. அவனுக்குக் கேட்டுச்சே, இதுக்கும் அதையே குடுங்கன்னாரு. குடுத்தேன். அன்னிக்குச் சாயங்காலமே போயிருச்சு."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காலிக் கிண்ணம், அஞ்சலை, சாக்கடை, மூன்று தடவை வயிற்றோட்டம், எல்லாவற்றையும். அவர் அடுப்பை அணைத்தார். ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் வைத்தார்.

"மருந்து எழுதுனது டாக்டரு. குடுத்தது நானு. நீ லீவுல இருந்த" என்றார் கடைசியில். "வெளிய சொல்லாத. சொல்லி என்ன ஆகப்போவுது?"

டாக்டரிடம் நான் சொல்லவில்லை. டிரசர் ஐயாவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு டாக்டர் எந்தப் பிள்ளைக்குப் பூச்சி மருந்து எழுதினாலும் "ஸ்டாக் இல்ல சார்" என்றே ஐயா சொல்லிக்கொண்டிருந்தார். மருந்துப் புட்டி அவருடைய அலமாரியில் பழைய துணிக்குப் பின்னால் இருந்தது. எனக்கு அது தெரியும் என்று அவருக்கும் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பரீட்சைப் பயிற்சிக்காக அவர் அப்புறம் யாருக்கும் கட்டிலில் படுத்துக் காட்டவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பொன்னியின் அம்மா வந்தாள், பிள்ளையின் சட்டையை வாங்கிப் போக. ஒல்லியான, கறுத்த, சின்னப் பெண். என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். சட்டையை நான் துவைத்து மடித்து வைத்திருந்தேன். வாங்கிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க மிஸ்ஸி. எங்களுக்குக் குடுத்து வைக்கல" என்றாள். நான் தலையாட்டினேன். அவள் வாசல் சோதனையில் அந்தச் சட்டையை விரித்துக் காட்டியதை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். கண்ணால் பார்க்காத எதையும் எழுதியதில்லை. என்னிடம் வேலை கற்ற பெண்கள் என்னைப் பிசாசு என்று திட்டியிருக்கிறார்கள். சேகரை ஒரு தடவை பத்தாங் காலியில் பார்த்தேன், லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். நல்ல ஆகிருதி. "எனக்கு உசுரு குடுத்தவங்க நீங்கதான்னு அம்மா சொல்லிக்கிட்டே இருப்பாங்க" என்று நடுத்தெருவில் காலைத் தொட்டுக் கும்பிட்டான். எனக்கு அங்கிருந்து எப்போது நகர்வோம் என்று இருந்தது.

வேலி போயிற்று. பொதுச் சமையல் போயிற்று. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஆஸ்பத்திரியை இடித்தார்கள், அட்டைகளையெல்லாம் குவித்துக் கொளுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். லயத்து ஜனங்கள் ஆளுக்கொரு திசையில் சிதறிவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருஷம், பொன்னியின் அம்மாவைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும், அவள் என்ன செய்தாலும் சரி என்று கிளம்பினேன். அந்தப் பக்கத்து ஆட்களாக நாலைந்து பேரைக் கண்டுபிடித்தும் விட்டேன். "ஆளு பேரு என்னா?" என்று கேட்டார்கள்.

எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் தாய்மாரைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். பொன்னி அம்மா, பொன்னி அம்மா என்றுதான் நானும் கூப்பிட்டேன். பொன்னி போன பிறகு அவளை எப்படிக் கூப்பிட்டார்களோ.